அண்டா தூக்கினால் சண்டையில்லை

துலுக்காணத்துக்குக் கைதான் முதலில் பேசும். வாய் திறப்பதற்குள் எதிரே நின்றவன் தரையில் கிடப்பான். சத்தியவேட்டுப் பக்கத்துக் கிராமத்தில், இருபது வயதுகூட ஆகாதபோது, கிணற்றுத் தண்ணீர் முறை யாருடையது என்ற தகராறில் கூடப்பிறந்த அண்ணனின் மண்டையை மண்வெட்டிக் காம்பால் பிளந்தான். முறை அண்ணனுடையதுதான். அது துலுக்காணத்துக்கும் தெரியும். தெரிந்துதான் அடித்தான்.

அவன் அப்பா சின்னசாமி, பெரியவனின் தலையில் ஈரத்துணியைக் கட்டிவிட்டு வந்து சின்னவனிடம் சொன்னார்: “இந்த ஊட்ல இனி உனக்குச் சோறு கெடையாது. எங்கனா போய்ப் பொறுக்கித் துன்னு.”

“போறேன் நைனா” என்று கிளம்பியவன்தான், திரும்பிப் பார்க்கவில்லை. கால் போன போக்கில் திருச்சானூருக்கு வந்து, கல்யாணச் சமையல் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டான். பசித்தவன் அடுப்படியை விட்டு நகரமாட்டான் அல்லவா? விறகு பிளந்தான், அண்டா தேய்த்தான், பிறகு சோறு வடிக்கக் கற்றான். சோறு கிடையாது என்று துரத்தப்பட்டவன் ஊருக்கெல்லாம் சோறு வடிக்கிறவன் ஆனான்.

ஆந்திரா தனி மாநிலமாகப் பிரிந்து, திருப்பதிக்குப் பல்கலைக்கழகமும் வந்த புதிது. மாணவர் விடுதியில் மெஸ் தொடங்கினார்கள். ஒரே கூடத்தில் இரண்டு மெஸ். இடதுபக்கம் பப்பு மெஸ்: பருப்பு, கோங்குரா, புளுசு என்கிற புளிக்குழம்பு, கெட்டித் தயிர். வலதுபக்கம் சாம்பார் மெஸ்: சாம்பார், ரசம், நீர்மோர். மாதம் பிறக்கும்போது எந்தப் பக்கம் என்று பெயர் கொடுத்துவிட வேண்டும், நடுவில் மாறக்கூடாது. மாறக்கூடாது என்றால் பிள்ளைகளுக்கு இருப்புக்கொள்ளுமா? இக்கரைக்கு அக்கரைப் பச்சை. வெள்ளிக்கிழமை வடைக்காக நெல்லூர்ப் பையன் வலப்பக்கம் நழுவுவான், ஞாயிற்றுக்கிழமைப் புளிஹோராவுக்காக நகரிப் பையன் இடப்பக்கம் நழுவுவான். குழம்புதான் இரண்டு. அடுப்படியும் சோறும் ஒன்றுதான்.

அந்தச் சோற்றை வடிக்கிற வேலை துலுக்காணத்துக்கும் கங்கையாவுக்கும். கங்கையா கடப்பைப் பக்கத்துத் தெலுங்கன், அடுப்படிக்கு மேஸ்திரி. வந்த கொஞ்ச நாளிலேயே துலுக்காணம் அவனுடைய புளுசை ருசி பார்த்து, “மாட்டுக்குக் காட்டலாம்” என்றான். கங்கையா கையிலிருந்த இரும்புக் கரண்டியால் வாயிலேயே போட்டான். முன்பல் ஒன்று புளுசுக்குள் விழுந்தது. துலுக்காணம் ரத்தத்தைத் துப்பிவிட்டு, எரிகிற விறகை உருவி கங்கையாவின் முழங்காலில் இறக்கினான். அன்றிலிருந்து ஒருவனுக்குப் பல் இல்லை, இன்னொருவனுக்கு நடை சரியில்லை. வார்டன் இருவரையும் கூப்பிட்டுக் கத்தினார். அவர் குரல் கேட்டதே தவிர, காரியம் ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் அடுப்படியில் எல்லோரும் மதித்த ஒரு வழக்கம் இருந்தது. அண்டா தூக்கினால் சண்டையில்லை. கொதிக்கிற சோற்று அண்டாவை, ஆளுக்கொரு வளையத்தைச் சாக்குத்துணியால் பிடித்து, இரண்டு படி கீழே இறக்கி, தொட்டியில் கவிழ்த்து வடிக்க வேண்டும். ஒருவன் பின்பக்கமாக இறங்கியாக வேண்டும். மேலே நிற்பவன் கைவிட்டால் கொதிகஞ்சி முழுதும் கீழே இருப்பவன் மார்பில்தான். முழங்கால் போன கங்கையாதான் தினமும் பின்பக்கமாக இறங்கினான். துலுக்காணம் ஏனென்று கேட்டதற்குச் சொன்னான்: “ஒரேய், உன் மூஞ்சி என் கண்ணுக்குத் தெரியணும்ரா. முதுகைக் காட்டிட்டு நான் எறங்கமாட்டேன்.”

இதெல்லாம் ஆம்பிளைகள் சண்டை. துலுக்காணத்தின் வீட்டில் நடந்தது வேறு. நாராயணவனத்திலிருந்து ரத்னம்மாவைக் கட்டிக்கொண்டு வந்தான். அலர்மேல்மங்கை என்று ஒரு பெண்குழந்தை. மெஸ்ஸில் பட்ட எரிச்சலை எல்லாம் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோவான். சாற்றில் உப்பு குறைந்தால் அடி, கூடினாலும் அடி. ஒருநாள் வெண்கலத் தட்டை விட்டெறிந்தான். ரத்னம்மாவின் புருவம் கிழிந்து கண்ணெல்லாம் ரத்தம். கட்டினவளை அடிப்பவனைக் கோபக்காரன் என்று ஊர் செல்லமாகச் சொல்லும். கோபக்காரனாம்! வார்டன் மேல் ஏன் அந்தக் கோபம் வரவில்லை? அடித்தால் திருப்பி அடிக்கமாட்டாள் என்று தெரிந்த இடத்தில் வருவதற்குப் பெயர் கோபமில்லை, கயவாளித்தனம்.

அன்று ரத்னம்மா அழவில்லை. புருவத்தைத் துணியால் அழுத்திக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். குழந்தை தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் ஒளிந்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“அண்ணன் ஊட்டுக்குப் போறேன்” என்றாள். “அடுத்த கங்கம்மா ஜாத்திர வரைக்கும் உன் கை யார் மேலயும் படக்கூடாது. எம்மேல மட்டும் இல்லய்யா, தெரு நாய் மேலகூட. பட்டுச்சின்னு எங்காதுல உழுந்துச்சின்னா, தாலியக் கயட்டி உன் மூஞ்சில எறிஞ்சிட்டுப் போய்க்கினே இருப்பேன். பாப்பாவ நீ சாவற வரைக்கும் பாக்கமாட்ட.”

சொன்னதைச் செய்கிறவள் என்பது அவனுக்குத் தெரியும். மனைவி போனது கூட இரண்டாவது. தன் சத்தத்துக்குப் பயந்து பிள்ளை பானைக்குப் பின்னால் போய் ஒளிந்தது என்பதுதான் அவனை அறுத்தது.

அதற்குப் பிறகு துலுக்காணம் கையை அடக்கினான். கங்கையா அம்மாவை இழுத்துத் திட்டினால், பல்லைக் கடித்துக்கொண்டு கொல்லைக்குப் போய் விறகு பிளப்பான். மோர் புளிக்கிறது என்று ஒரு மாணவன் டம்ளரோடு அவன் முகத்தில் வீசியபோதும் விறகுதான். கோடரி இறங்குகிற வேகத்தைப் பார்த்தால் அது யார் கழுத்து என்று கேட்கத் தோன்றும். அந்த வருஷம் மெஸ்ஸுக்கு விறகுப் பஞ்சமே வரவில்லை.

எல்லைத் தகராறு முற்றியதும் அந்த வருஷம்தான். எந்த ஊர் மதராசுக்கு, எந்த ஊர் ஆந்திராவுக்கு என்று ஊருக்கு ஊர் ஊர்வலம். அங்கே பஸ்ஸைக் கொளுத்தினார்கள் என்று இங்கே கல்லெறிந்தார்கள், இங்கே கல் விழுந்தது என்று அங்கே கடையை உடைத்தார்கள். ஒரு தட்டில் தின்ற பிள்ளைகள் மெஸ்ஸில் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். வடைக்கு நழுவுகிறவனும் இல்லை, புளிஹோராவுக்கு நழுவுகிறவனும் இல்லை.

ஜாத்திரைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஒரு காலையில் சாம்பார் மெஸ் பலகையில் யாரோ தார் பூசியிருந்தார்கள். பதிலுக்கு யாரோ பருப்புச் சட்டியைக் கூடத்தின் நடுவில் போட்டு உடைத்தார்கள். மத்தியானம் மணி அடித்தபோது சாப்பிட வந்தவன் ஒருவனும் கையில் தட்டு கொண்டுவரவில்லை. ஹாக்கி மட்டை, சைக்கிள் செயின், கட்டில் கால். பெஞ்சுகள் பறந்தன. ஒருவன் காது பிய்ந்து தொங்கியது. ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இலைக்கட்டின் மேல் விழுந்தான். அடுப்படியில் விறகு இருப்பது யாருக்கோ நினைவு வந்தது. முன்வாசல் வழியாகத் தமிழ்ப் பிள்ளைகளும் பின்வாசல் வழியாகத் தெலுங்குப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் உள்ளே பாய்ந்தார்கள்.

நடுவில், அண்டாவைத் தூக்கியபடி இரண்டு பேர். கங்கையா முதல் படியில் பின்பக்கமாக ஒரு காலை வைத்திருந்தான். கெட்ட கால்.

தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தலைவன் சம்பத், நகரிப் பையன். தினமும் துலுக்காணத்திடம் கெஞ்சி இரண்டாவது கரண்டி சாம்பார் வாங்கிக்கொள்கிறவன். அவன் கத்தினான்: “துலுக்காணண்ணா, விட்டுட்டு நவுறு! அந்தாளு மேலயே ஊத்து! உம் பல்ல ஒடச்சவன்தானே?”

துலுக்காணம் அண்டாவுக்கு மேலாகக் கங்கையாவைப் பார்த்தான். ஆவிக்கு அந்தப் பக்கம் அந்த முகம் வெளிறிப்போயிருந்தது. விரலைத் தளர்த்தினால் போதும். அது கை நீட்டியதாகக்கூட ஆகாது, நழுவிவிட்டது என்று யாரிடமும் சொல்லலாம். அந்த நினைப்பு அவனுக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் அவனைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

எப்போதும் திட்டுகிற கங்கையா அன்று கெஞ்சினான். “வதலொத்துரா... விட்டுடாதடா தம்பி.”

அவன் தம்பி என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

துலுக்காணம் விடவில்லை. சம்பத் பக்கத்தில் நின்ற ஒருவன், “தமிழனா பொறந்துட்டு அவங்கூட சேர்ந்து தூக்கறியா!” என்று விறகுக்கட்டையால் முதுகில் போட்டான். மூச்சு நின்று வந்தது. பின்வாசல் கூட்டத்திலிருந்து ஒருவன், “அரவோடு, கொட்டண்டிரா!” என்று, தமிழனை அடிக்கச் சொல்லிக் கத்திக்கொண்டே ஹாக்கி மட்டையை வீசினான். அது துலுக்காணத்தின் வலது முன்கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் அடுப்புச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. எல்லைக்கோட்டை எங்கே போட்டால் என்ன, அடி என்னவோ இரண்டு பக்கமிருந்தும் வந்தது.

வலது கை தொங்கிப்போயிற்று. அண்டா சாய்ந்தது. விளிம்பில் கஞ்சி தளும்பிக் கங்கையாவின் பாதத்தில் சொட்டியது. துலுக்காணம் இடது முழங்கையை வளையத்துக்குள் செருகி, கொதிக்கிற அண்டாவை மார்போடு அணைத்துக்கொண்டான். சட்டையோடு தோல் ஒட்டிக்கொண்டது. அவன் போட்ட ஓலம் வார்டன் அறைவரை கேட்டதாம். அலறிக்கொண்டேதான் ஒவ்வொரு படியாக இறங்கினான். கங்கையா தொட்டியைக் காலால் தடவிக் கண்டுபிடித்து, அண்டாவைக் கவிழ்த்தான். கஞ்சி சீறிப் பாய்ந்ததில் கூட்டம் பின்வாங்கியது.

கை காலியானதும் கங்கையா சோறு கிளறும் துடுப்பை எடுத்தான். யார் தமிழ், யார் தெலுங்கு என்று துடுப்பு கேட்கவில்லை. நொண்டிக் காலை இழுத்துக்கொண்டு இரண்டு வாசல் வழியாகவும் அடித்தே துரத்தினான். சம்பத்தின் தோள்பட்டை இறங்கியது, ஹாக்கி மட்டைக்காரனுக்கு மூக்கு உடைந்தது. பிறகு போலீஸ் வந்தது. அன்று மெஸ்ஸில் யாருக்கும் சோறு இல்லை. வடித்த சோற்றின் மேலெல்லாம் ரத்தம் தெறித்திருந்தது.

எலும்புக் கட்டுக்குப் பேர்போன புத்தூருக்குத் துலுக்காணத்தைக் கூட்டிப்போனவன் கங்கையாதான். மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். அங்கிருந்து ரத்னம்மா இருந்த நாராயணவனம் கூப்பிடு தூரம். கட்டுப்போட வந்த ஊர்க்காரர்கள் பார்த்துவிட்டுப் போய் ரத்னம்மாவிடம் சொன்னார்கள்: “உன் வூட்டுக்காரன் மெஸ்ஸுல பெரிய அடிதடி பண்ணிக் கைய ஒடச்சிக்கினான்.”

அவள் திருப்பதிக்கு முதல் பஸ்ஸைப் பிடித்தாள். குழந்தையைக் கூட்டிவரவில்லை.

மெஸ்ஸில் பந்தி முடிந்து வேலைக்காரர்கள் சாப்பிடும் நேரம். புத்தூரிலிருந்து திரும்பியிருந்த துலுக்காணம் இலைக்கு முன்னால் மார்பெல்லாம் மருந்தோடு உட்கார்ந்திருந்தான். கங்கையா வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே சோற்றை உருண்டை பிடித்து அவன் வாயில் போட்டுக்கொண்டிருந்தான். ரத்னம்மா வாசலில் நின்றாள். தாலிக்கயிற்றைக் கையில் பிடித்திருந்தாள்.

“யார அடிச்ச?”

“யாரையும் இல்லமே.”

“யாரையும் அடிக்காமத்தான் கை ஒடஞ்சிதா?”

கங்கையா தெலுங்கும் தமிழுமாகக் கலந்து நடந்ததைச் சொன்னான். முடிவில், “இவன் விட்டிருந்தா நான் வெந்திருப்பேன்மா. என் முட்டியை ஒடச்ச கழுதைதான். ஆனா விடல” என்றான்.

ரத்னம்மா முழுவதையும் கேட்டாள். முகம் இளகவில்லை. “அண்டா தூக்கனா சண்டையில்லன்னு இங்க உங்களுக்குள்ள ஒரு வழக்கம் இருக்குது. சரி. எங்க ஊட்ல அண்டா ஏதுண்ணா?”

கங்கையா கையிலிருந்த உருண்டையை இலையிலேயே வைத்தான்.

அவள் நேராக வந்து, துலுக்காணத்தின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். வாயிலிருந்த சோறு சிதறியது. அத்தனை வருஷத்து அடியும் அந்த ஓர் அறையில் இருந்தது. கங்கையா தடுக்க எழுந்தவன் முட்டி பிடித்துக்கொள்ள, பாதியில் நின்றான்.

ரத்னம்மா நகரவில்லை. அவன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கை வெந்திருந்தாலும் அந்தக் கை ஓங்குகிற அளவுக்கு நன்றாகத்தான் இருந்தது. அது முஷ்டியாகி மேலே எழுந்தது. அவள் புருவத் தழும்பு உயரத்துக்கு வந்தது. அங்கேயே நின்றது. அவளும் முகத்தைத் திருப்பவில்லை. பிறகு அது மெல்ல இறங்கி, சிதறிய சோற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி இலையில் போட்டது.

“பாப்பா எப்டி இருக்குது?” என்று கேட்டான். அழுதுகொண்டிருந்தான்.

ரத்னம்மா தாலிக்கயிற்றை ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டு, அவனுக்கு எதிரே சம்மணம்போட்டு உட்கார்ந்தாள். “அண்ணா, எனக்கும் ஒரு எல போடுங்க. காலைலேருந்து பச்சத்தண்ணி குடிக்கல.”

“பப்பா, சாம்பாராம்மா?” என்றான் கங்கையா, பழக்கதோஷத்தில்.

“எது சூடா இருக்குதோ அது.”

இலை வந்தது, சோறு வந்தது. பிசைந்துகொண்டே, அவனைப் பார்க்காமல் சொன்னாள்: “நாளைக்குப் பாப்பாவக் கூட்டியாறேன். வாசப்படில நிக்க வெப்பேன். நீ கூப்புடக் கூடாது. கிட்ட வர்றதும் வராததும் அது இஷ்டம்.”

அவன் தலையாட்டினான். அவள் சாப்பிட்டாள்.