செட்டிங் சார் விழுந்த கதை

எங்கள் மாடி வீட்டுக்காரரை இந்தக் கட்டடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. செட்டிங் சார் என்றால்தான் தபால்காரருக்கே தெரியும். பகலில் அவர் மெத்தைக் கடையில் விற்பனையாளர். பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தையை உள்ளங்கையால் அழுத்திக் காட்டி, "படுத்துப் பாருங்க சார், கூச்சப்படாதீங்க" என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் படுக்க வைப்பவர். அப்படிப்பட்டவர், நாற்பதைத் தாண்டிய வயதில், உட்காரக்கூட இடமில்லாத ஒரு சைக்கிளை வாங்கி வந்தார்.

டிரையல்ஸ் சைக்கிள் என்றார். பாறை, மரக்கட்டை, சிமென்ட் குழாய் என்று எதிரே எது வந்தாலும், காலைத் தரையில் ஊன்றாமல் ஏறி இறங்க வேண்டும். நின்றுகொண்டேதான் ஓட்ட வேண்டும் என்பதால் அதற்கு சீட் கிடையாது. அவர் மனைவி கோர்ட்டில் டைப்பிஸ்ட். ஊரார் சொல்லும் பொய்யையெல்லாம் பிழையில்லாமல் அடித்துப் பழகியவர். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார்.

"சீட்டைக் கழட்டி தனியா வித்துட்டானா?"

"இது இப்படித்தான்மா வரும்."

"முழு விலையும் கொடுத்தீங்களா?"

அவர் ஸ்பானரைத் தேடப் போய்விட்டார்.

வண்டி வந்த பிறகு அதை ஓட்டினாரா என்றால், ஓட்டினார் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. செட்டிங் பார்த்தார். கைப்பிடியை ஒரு நூல் முன்னால் தள்ளுவார். மறுநாள் அதே ஒரு நூலைப் பின்னால் இழுப்பார். டயரைக் கட்டைவிரலால் அமுக்கிவிட்டு, நாடி பிடிக்கும் வைத்தியர் மாதிரி கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்சம் காற்றை இறக்குவார், பிறகு கொஞ்சம் ஏற்றுவார். பிரேக் லீவர் ஒற்றை விரலுக்கு அடங்க வேண்டுமாம். அந்த விரலை மட்டும் நீட்டிக்கொண்டு அவர் மாடிப்படியில் இறங்கி வரும்போது, யாரையோ திட்டத்தான் வருகிறார் என்று புதிதாகக் குடிவந்தவர்கள் ஒதுங்கி நிற்பார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய கூத்து அந்த பிரேக்தான். அதில் கம்பி கிடையாது. மெல்லிய குழாய்க்குள் ஆயில் ஓடும். அதற்குள் ஒரு காற்றுக் குமிழி புகுந்துவிட்டால் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும், சக்கரம் நிற்காது. குமிழியை வெளியேற்றப் புது ஆயிலை சிரிஞ்சால் ஏற்ற வேண்டும். செட்டிங் சார் மருந்துக் கடைக்குப் போய், "பெரிய சிரிஞ்ச் ரெண்டு கொடுங்க, ஊசி வேண்டாம்" என்றார்.

"யாருக்கு?"

"சைக்கிளுக்கு."

அன்றிலிருந்து அந்தக் கடைக்காரர் டாக்டர் சீட்டு இல்லாமல் அவருக்குத் தலைவலி மாத்திரைகூடக் கொடுப்பதில்லை.

ஆயில் முடிந்ததும் ரிம். வழவழப்பான ரிம்மில் பிரேக் பேட் வழுக்குமாம். அதனால் இரும்பு தேய்க்கும் கிரைண்டர் இயந்திரத்தை வாடகைக்குக் கொண்டுவந்து, ரிம்மின் இரு பக்கத்தையும் சொரசொரவென்று உரசினார். அதன் பிறகு அவர் பிரேக் பிடித்தபோதெல்லாம் தகரத்தை ஆணியால் கீறுகிற சத்தம் எழுந்தது. என் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பூனை பரணில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மேலே போய் முறையிட நான் படியேறியபோது, அவர் மனைவி ஏற்கெனவே ஆரம்பித்திருந்தார்.

"என்னங்க இந்தச் சத்தம்? தலை வெடிச்சிடும் போல இருக்கு."

"பிரேக் கத்தணும்மா. கத்தினாத்தான் பிடிக்குதுன்னு அர்த்தம்."

"அப்ப நான் கத்தினா மட்டும் ஏன் உங்களுக்குப் பிடிக்க மாட்டேங்குது?"

நான் முறையிடாமலே இறங்கி வந்துவிட்டேன். என் பங்கையும் சேர்த்து அந்த அம்மாவே கேட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிமென்ட் குழாய் வார்க்கும் யார்டுக்குப் பின்னால் இந்த வண்டிக்காரர்கள் கூடுவார்கள். உடைந்த குழாய்களும் சரக்குப் பலகைகளும் அங்கே குவிந்து கிடக்கும். அந்தக் கூட்டத்தில் கெட்டிக்காரி ஒரு பல் டாக்டர். அந்தப் பெண் தன் முன்பல்லைப் பற்றித் துளிக் கவலையில்லாமல் குழாய்க்குக் குழாய் தாவுவார். செட்டிங் சார் தாவ மாட்டார். ஓரமாக நின்று, தாவி இறங்குகிறவர்களின் வண்டியில் குறை கண்டுபிடிப்பார். ஒருநாள் பல் டாக்டர் அவருடைய சக்கரத்தைத் தொட்டுப் பார்க்கப் போனார்.

"தொடாதீங்க டாக்டர்! எண்ணெய்ப் பசை பட்டா பிரேக் செத்துச்சு. கை கழுவிட்டு வாங்க."

ஒரு நாளைக்கு நாற்பது தடவை கை கழுவுகிற பெண் அவர். நேரே தண்ணீர்க் குழாயடிக்குப் போனார்.

"அண்ணா, நீங்க எப்ப ஏறுவீங்க?" என்று யாராவது கேட்டால், "இன்னிக்கு லீவர் செட்டாகல" என்பார். அடுத்த வாரம் டயர், அதற்கடுத்த வாரம் பெடல். மனிதருக்கு உயரம் என்றால் பயம். அவ்வளவுதான் விஷயம். தன் பயத்துக்கு அவர் செட்டிங் என்று பெயர் வைத்திருந்தார். அது அவர் மனைவிக்குத் தெரியும். எத்தனையோ விஷயத்தில் அவரைக் கிழித்துத் தொங்கவிட்ட அந்த அம்மா, அதை மட்டும் ஒருநாளும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

இப்படியே காலம் போயிருக்கும். ஆனால் யார்டில் ஒரு போட்டி நடக்கப்போகிறது என்ற செய்தி மெத்தைக் கடை முதலாளியின் காதுக்கு எட்டிவிட்டது. அவர் இழவு வீட்டில்கூட எத்தனை கட்டில் இருக்கிறது என்று எண்ணுகிறவர்.

"ஏம்ப்பா, நீ அந்தக் குதிக்கிற கோஷ்டிதானே? போட்டிக்கு நாமதான் பேனர் வைக்கிறோம். பெரிய குழாய்க்கு அந்தப் பக்கம் நம்ம மெத்தையைப் போடறோம். முதல்ல நீ ஏறு. உச்சியில நில்லு, ஃபோட்டோ எடுப்பாங்க. வண்டி பளபளன்னு இருக்கணும், என்ன?"

"மொதலாளி, செட்டிங் இன்னும்..."

"ஏற வசதியா சாய்வுப் பலகை போடச் சொல்லிட்டேன். இனி நீ பேசாதே."

போட்டி நாள் காலையில் செட்டிங் சார் வண்டியைத் துடைத்தார். துடைத்தார் என்றால் சாதாரணத் துடைப்பு இல்லை. கார் டயருக்குப் போடும் பாலிஷை அடித்து, அதே துணியால் அச்சிலிருந்து ரிம்வரை ஒரு இடம் விடாமல் தேய்த்தார். வண்டி மாப்பிள்ளை மாதிரி மின்னியது. யார்டுவரை உருட்டிக்கொண்டே போனார். வழியில் ஒரு தடவைகூட பிரேக்கைப் பிடித்துப் பார்க்கவில்லை.

யார்டில் நல்ல கூட்டம். நானும் போயிருந்தேன், எதற்கென்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அவர் மனைவியும் முன்வரிசையில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். முதலாளி கையசைத்தார். செட்டிங் சார் முகம் வெளிறி, பெடலை மிதித்தார். பலகையில் ஏறிவிட்டார்! குழாயின் உச்சிக்கும் வந்துவிட்டார். அங்கே நிற்க வேண்டும். ஒற்றை விரலால் லீவரை அழுத்தினார்.

பிரேக் கத்தவில்லை. சக்கரம் வெண்ணெயில் போவதுபோல் உருண்டது. வண்டி ஒரு பக்கம் போக, அவர் மறுபக்கம் கையைக் காலை விரித்தபடி காற்றில் மிதந்து, மெத்தையின் நட்ட நடுவில் மல்லாக்க விழுந்தார். இரண்டு தடவை எம்பி அடங்கினார்.

மனைவி எழுந்துவிட்டார். பல் டாக்டர் ஓடி வந்தார். அவர்களுக்கு முன்னால் முதலாளி மைக்கோடு போய் நின்றார்.

"பாத்துக்குங்க! எலும்பு முறிஞ்சுதா? முறியல! அதுதான் நம்ம மெத்தை!"

பல் டாக்டர் அவருடைய கை காலை அசைத்துப் பார்த்துவிட்டு, வண்டியை நிமிர்த்தினார். ரிம்மை விரலால் தடவி மோந்தார்.

"அண்ணா, என்ன வாசனை இது?"

"டயர் பாலிஷ்."

"ரிம்லயுமா?"

"ஃபோட்டோ எடுப்பாங்கன்னு..."

"சரிண்ணா. கை கழுவிட்டு வந்துடறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவமானத்தில் ஆள் வேலையை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் அந்த வாரம் கடையில் மெத்தை பறந்தது. முதலாளி விடுவாரா? கடை வாசலில் ஒரு மேடை போட்டு, சனிக்கிழமைதோறும் அவரை வண்டியோடு ஏறி மெத்தையில் விழச் சொன்னார். செட்டிங் சார் விழுந்தார். முதலில் கண்ணை மூடிக்கொண்டு விழுந்தார், பிறகு கண்ணைத் திறந்துகொண்டு. குழந்தைகள் "இன்னொரு தடவை அங்கிள்" என்றார்கள். விழுந்து விழுந்து அது அவருக்குக் காப்பி குடிப்பது மாதிரி ஆகிவிட்டது. போதாததற்கு, எப்படி விழ வேண்டும் என்று மாடிப்படியில் என்னை நிறுத்திப் பாடம் வேறு எடுத்தார்.

"தோள உள்ள இழுத்துக்கணும் சார். கைய ஊனவே கூடாது."

நான் விழப்போவதில்லை என்று சொல்லியும் கேட்கவில்லை.

முதலாளியின் ஆசையும் வளர்ந்தது. ஒரு சனிக்கிழமை கடையின் முதல் மாடி ஜன்னலைக் காட்டி, "இன்னிக்கு அங்கேர்ந்து" என்றார்.

"முடியாது மொதலாளி."

"என்னது?"

"மெத்தை விக்கத்தான் வேலைக்கு வந்தேன். விழறதுக்கு வரல."

"அப்ப வண்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

கிளம்பினார். கடைச் சீருடையும் டையுமாக, நின்றபடியே கடைத்தெரு முழுக்க மிதித்து, நேராக யார்டுக்குப் போனார். பல் டாக்டர் அங்கே தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். நடந்ததை எனக்குச் சொன்னவரும் அவர்தான். செட்டிங் சார் டயரை அமுக்கிப் பார்க்கவில்லை. பெரிய குழாயில் சாய்த்திருந்த பலகையில் ஏறி, உச்சியில் நின்றார். பாலிஷைத் துடைத்தெடுத்த பிரேக் ஊரைக் கூட்டியது. குழாய்க்கு அந்தப் பக்கம் மெத்தை இல்லை, வெறும் ஜல்லிதான். எதிரே அடுக்கியிருந்த பலகைகளின் மேல் தாவி, அங்கிருந்து தரையில் இறங்கினார், இரண்டு சக்கரத்திலும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

"விழலையா?"

"விழல."

அந்த அம்மா அவருடைய டையை அவிழ்த்து மடித்து வைத்தார். "நல்லாருக்கு. இவ்வளவு நாள் விழுந்ததுக்குச் சம்பளம் வந்துச்சு. நிக்கக் கத்துக்கிட்டதும் வேலை போச்சு," என்றார். சொல்லும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் என்று செட்டிங் சாரே பின்னால் என்னிடம் ஒப்புக்கொண்டார்.

திங்கட்கிழமை முதலாளியே போன் செய்து கூப்பிட்டார். கடைக்குப் போனால், முதலாளியின் மருமகன் கல்லாவில் வலது கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். ஆள் இல்லாத குறைக்கு மாமனார் அவரைத்தான் ஜன்னலில் ஏற்றியிருக்கிறார். அவர் மெத்தைக்குப் பக்கத்தில் விழுந்திருக்கிறார்.

"எப்படிங்க விழணும்?" என்று மருமகன் தாழ்ந்த குரலில் கேட்டார்.

செட்டிங் சார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "தோள உள்ள இழுத்துக்கணும்" என்று ஆரம்பித்தார். மதியச் சாப்பாட்டு நேரம்வரை அந்தக் கடையில் ஒரு தலையணைகூட விற்கவில்லை.