சைக்கிளுக்கு ஒரு பங்கு

கல்யாணமான புதிதில் நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் புருஷன் பெண்டாட்டி. நான் செங்கல்பட்டு ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா. அவள் சதுரங்கப்பட்டினத்தில் அரசாங்க நர்ஸ். டச்சுக்காரன் கட்டிய கோட்டைக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டு வீடு, முன் அறையில் மருந்து அலமாரி, பின் அறையில் குடித்தனம். என் வேலை முடிந்து நான் வெளியே வருவதற்குள் அந்தப் பக்கம் போகிற கடைசி பஸ் போய்விடும். காலையில் அங்கிருந்து வருகிற முதல் பஸ்ஸோ, நான் பாதி வேலையை முடித்த பிறகுதான் வந்து நிற்கும். எழுபதுகளின் நடுவில் அந்தச் சாலையில் அவ்வளவுதான் பஸ்.

என் வீட்டில் சும்மா இருப்பார்களா? "புருஷன் ஓர் ஊர்ல, பொண்டாட்டி ஓர் ஊர்ல, இது என்னடா குடும்பம்? அவளை வேலையை விட்டுட்டு வரச் சொல்லு" என்று அம்மா பிடுங்கி எடுத்துவிட்டாள். கடைசியில் என் மனைவியே, "தை வரைக்கும் பார்ப்போம், ஒண்ணும் வழி பிறக்கலைன்னா எழுதிக் கொடுத்துடறேன்" என்றாள். சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தக் கரையில் குப்பம் குப்பமாகப் பிரசவம் பார்க்க அவளை விட்டால் வேறு ஆள் கிடையாது. அவளுக்கு அந்த வேலை உயிர். எனக்கு அவள் உயிர். தை மாதம் என்னவோ ஓடி வந்துகொண்டிருந்தது.

ஊரில் எல்லோரும் ஓட்டுகிற சைக்கிள் என்னிடமும் இருந்தது, இரும்புக் கட்டில் மாதிரி. ஒரு நாள் வீம்புக்கு அதில் கிளம்பினேன். திருக்கழுக்குன்றம் வரை பரவாயில்லை. அதற்கப்புறம் சாயங்காலக் கடல் காற்று எதிரே வந்து நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. போய்ச் சேர்ந்து, தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்தபடியே தூங்கிவிட்டேன். மறுநாள் கால் வரவில்லை, லீவு போட்டேன்.

அந்த லீவு நாளில்தான் அதைப் பார்த்தேன். குப்பத்தில் மீன் விற்கிற ஒரு பெண்ணின் மகளுக்குப் பிரசவமாகி இருந்தது. என் மனைவி பார்க்கப் போனாள், நானும் நொண்டிக்கொண்டு கூடப் போனேன். அந்த மீன்காரிக்கு நாற்பது வயது இருக்கும். அவள் வாய் திறந்தால் அலைச் சத்தம் அடங்கிவிடும். குடிசையின் பின்னால் கிழிந்த வலை ஒன்று குவிந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து கடாக் கொம்பு மாதிரி வளைந்த எதுவோ நீட்டிக்கொண்டிருந்தது. வலையை விலக்கினேன். சைக்கிள்! ஆனால் நம் ஊர் சைக்கிள் இல்லை. விரல் கனத்துக் குழாய், குனிந்து பிடிக்கிற ஹேண்டில்பார், தோல் சீட்டு. முன்னால் இரண்டு பல் சக்கரம், பின்னால் அடுக்கடுக்காக ஐந்து. கியர் வண்டி. தூர தேசம் போகிறவர்களுக்கென்றே செய்தது. படத்தில்தான் பார்த்திருந்தேன். அதன் மேல் முழுக்கக் கறுப்பாக, பிசுபிசு என்று ஏதோ பூசியிருந்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது.

"மீன் எண்ண," என்றாள் மீன்காரி பெருமையாக. "படகுக்குத் தடவுறோமே, அது. உப்புக் காத்து இரும்பத் துண்ணுபூடும்ல? மாசா மாசம் தடவிகினு வரேன்."

வண்டி ஒரு வெள்ளைக்காரனுடையது. எங்கிருந்தோ மிதித்தே வந்தவன், மகாபலிபுரத்துச் சிலைகளைப் பார்த்துவிட்டுத் தெற்கே போகும்போது அவள் குடிசை வாசலில் காய்ச்சலில் விழுந்தான். அவள் கஞ்சி ஊற்றி எழுப்பி உட்கார வைத்தாள். அப்புறம் அவனைத் தேடி வந்த கூட்டாளிகள் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வண்டியைக் காட்டி, நெஞ்சில் கை வைத்து, திரும்பி வருவேன் என்று ஜாடை காட்டிவிட்டுப் போனானாம். வருஷம் மூன்று ஆகிவிட்டது.

விலைக்குக் கேட்டேன். சண்டைக்கு வந்துவிட்டாள்.

"இன்னா அண்ணாத்த பேசற? அவன் வந்து கேட்டா இன்னாத்த காட்டறது, என் மூஞ்சியவா? நம்பி உட்டுட்டுப் போன பொருளு. டப்பு குடுத்தா குடுத்துருவனா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மூன்று வருஷம் வராதவன் இனி எங்கே வரப் போகிறான் என்று கத்தினேன். என் மனைவி என் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்திவிட்டு, நிதானமாக எங்கள் கதையைச் சொன்னாள், தை மாதம் வரை. மீன்காரி இடுப்பில் கை வைத்துக் கேட்டாள். அப்புறம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நர்சம்மா பூட்டா எங்க பொண்ணுங்க கதி இன்னா? எடுத்துகினு போ. மரம் சொம்மா கரையில கெடந்தாலும் செல்லுதான் புடிக்கும். ஆனா பங்கு குடுத்துரணும்."

பங்கு என்றால் அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். கட்டுமரத்தை அவர்கள் மரம் என்றுதான் சொல்வார்கள். கடலுக்குப் போய் வந்தால் கிடைத்த மீனில் ஆளுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, மரத்துக்கு ஒரு பங்கு. மரத்துக்குச் சொந்தக்காரன் வீட்டில் படுத்திருந்தாலும் அவன் பங்கு அவனுக்குப் போய்விடும்.

"சைக்கிள் என்ன மீனா பிடிக்கப் போகுது? எதுல பங்கு?" என்றேன்.

"அது சம்பாரிக்கட்டும். அப்பால பாத்துக்கலாம்."

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது குப்பத்துப் பூனைகள் பின்னாலேயே வந்தன. பஸ் கூரையில் ஏற்றிச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோய், ஸ்டேஷனில் என் மேஜைக்குப் பின்னால் நிறுத்தினேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், புது போர்ட்டர் ஒருவன் மோந்து பார்த்துவிட்டு அதன் மேல் 'மீன் – சீக்கிரம் கெடும் சரக்கு' என்று சீட்டு ஒட்டியிருந்தான். ஆபீஸே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மண்ணெண்ணெய், சாம்பல், சீயக்காய், தேங்காய் நார். சாயங்காலமெல்லாம் உட்கார்ந்து தேய்த்தேன். அந்தக் கறுப்புத் தோல் உரிய உரிய உள்ளேயிருந்து பச்சை நிறம் வந்தது பாருங்கள், இப்போது வர்ணம் அடித்த மாதிரி. ஒரு பொட்டு துரு இல்லை. தோல் சீட்டு எண்ணெய் குடித்து மெத்தென்று இருந்தது. அவ்வளவு நேரம் மீன்காரியைத் திட்டிக்கொண்டு தேய்த்தவன், மனசுக்குள் கும்பிடு போட்டேன்.

டயர் மட்டும் வெடித்துப் பாளம் பாளமாகிவிட்டிருந்தது. சைக்கிள் கடைக்காரர் நம் ஊர் டயரைப் போட்டுப் பார்த்தார், தொளதொளவென்று கழன்று வந்தது. "டயரும் கீது, சக்கரமும் கீது, ரெண்டுக்கும் பொருத்தம் இல்ல சார். ஜாதகம் பாத்துத்தான் கட்டணும் போல" என்றார். மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கடைகளில் அலைந்து ஒரு ஜோடி வாங்கி வந்தேன். அதை மாட்டக் கொடுத்துவிட்டு மறுநாள் போனால், கடைக்காரர் முகமெல்லாம் பல்.

"சங்கிலி லூசா தொங்கிகினு இருந்துச்சு சார். நாலு கண்ணி கழட்டிட்டு டைட்டா வச்சிட்டேன். அந்த வால் மாதிரி ஒண்ணு ஆடிகினு இருந்துச்சே, அதையும் கழட்டிட்டேன். இனிமே பேஜாரே இல்ல."

அந்த வால்தான் கியர்! சங்கிலியை ஒரு பல் சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளுவதே அதுதான். நான் போட்ட சத்தத்தில் எதிர்க் கடை டீ மாஸ்டர் ஓடி வந்தார். கடைக்காரரும் விடவில்லை, "நல்லது செஞ்சா நாயடியா?" என்று பதிலுக்குக் கத்தினார். கத்தி முடித்ததும் இருவருக்கும் டீ வந்தது. குடித்துவிட்டு, அவர் தகர டப்பாவைக் கவிழ்த்துக் கண்ணிகளைத் தேட, நான் வாலைப் பிடித்துக்கொள்ள, இருட்டுவதற்குள் மாட்டிவிட்டோம். பெடலைக் கையால் சுற்றிவிட்டு கியர் நெம்புகோலைத் தள்ளினேன். சங்கிலி ஒரு துள்ளு துள்ளிப் பெரிய சக்கரத்தில் ஏறி உட்கார்ந்தது. "அட, ஏறுது பாரு சார்!" என்று அவர் என் முதுகில் அறைந்த அறையில் கிரீஸ் கறை சட்டையில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

முதல் சவாரி ஒரு மார்கழிச் சாயங்காலம். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் பழைய எதிரி வந்துவிட்டான், கடல் காற்று. நெம்புகோலைத் தள்ளினேன். கால் லேசாகிவிட்டது. காற்று என் முதுகு மேலே போனது, நான் குனிந்து கீழே போனேன். யாருமில்லாத சாலையில் தனியாகச் சிரித்துக்கொண்டே மிதித்தேன். அப்படி ஒரு சந்தோஷம்.

வாசலில் என் மனைவி அரிக்கேன் விளக்கோடு நின்றாள். "நாத்தம் முன்னாடியே வந்துடுச்சு. நீங்க பின்னாடி வர்றீங்க" என்றாள். என்ன தேய்த்தும் அந்த வாசனை குழாய்க்குள் தங்கிவிட்டது. தை பிறந்தது. அவள் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை.

தினமும் போனேன், தினமும் வந்தேன். மழை நாளிலும், சளி பிடித்த நாளிலும். மீன்காரி வழியில் பார்த்தால், "பங்க மறந்துறாத அண்ணாத்த" என்று கூவுவாள். வெற்றிலை வாங்கிக் கொடுத்தால், "இது நீ குடுக்கறது. வண்டி குடுக்கறது எங்க?" என்பாள். எங்களுக்கு மகள் பிறந்தாள். நடக்க ஆரம்பித்ததும், சைக்கிள் குழாயின் மேல் அவளுக்கென்று ஒரு குட்டிப் பலகைச் சீட்டு பொருத்தினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் மீன்காரியின் குரல் கேட்டது, வழக்கமான சத்தம் இல்லாமல். வெளியே வந்தேன். அவள் பக்கத்தில் நெட்டையாக, தாடியோடு ஒரு வெள்ளைக்காரன்.

வண்டிக்குச் சொந்தக்காரன் வந்துவிட்டான். என் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைப் பிடித்தபடி நின்றாள். வண்டி போனால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அவன் வண்டியைத் தொட்டான். சீட்டை அமுக்கினான். குனிந்து மோந்து பார்த்து, வாய்விட்டுச் சிரித்தான். ஏறி உட்கார்ந்து கோட்டைப் பக்கம் மிதித்துக்கொண்டு போய்விட்டான். கேட்கவா முடியும், அவன் வண்டி. திரும்பி வர மாட்டானோ என்று பயந்தேன். அவன் தலை தெரிந்ததும், ஏன்தான் வந்தானோ என்று பயந்தேன்.

அவன் இறங்கினான். மீன்காரி கூடையைக் கீழே வைத்தாள், கையை முந்தானையில் துடைத்தாள். நேரே போய் என் மனைவியின் இடுப்பிலிருந்து குழந்தையை வாங்கி, அவன் கையில் கொடுத்துவிட்டாள்.

"இந்தா. உன் வண்டி சொம்மா கெடக்கல. தெனம் இந்தாள ஊட்டுக்கு இட்டாந்துச்சு. சம்பாரிச்சது இதான். உன் பங்கு, புடி."

அவன் திருதிருவென்று விழித்தான். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பங்குக் கணக்கைச் சொன்னேன். வலை, மரம், ஆள், இந்த ரோடு, அந்த பஸ், என் பெண்டாட்டி வேலை எல்லாவற்றையும். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். மகள் அவன் தாடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இதையும் சொல்லு," என்றாள் மீன்காரி. "பங்கு வாங்கிகினவன் மரத்த இஸ்துகினு போவ மாட்டான். எங்க கரையில அந்த வழக்கம் இல்ல."

சொன்னேன். அவன் அந்தக் குட்டிப் பலகைச் சீட்டையே பார்த்தான். தாடியை மெல்ல விடுவித்துக்கொண்டு, குழந்தையைக் கொண்டுபோய் அதில் உட்கார வைத்தான். ஹேண்டில்பாரை என் கையில் கொடுத்தான். அப்புறம், மெட்ராஸுக்கு எப்போது பஸ் என்று கேட்டான்.

என் மனைவி அழுதாள். அழுதுகொண்டே அவனுக்கு இட்லி வைத்தாள். சாப்பிட்டதும் அவனைப் பின்னால் கேரியரில் ஏற்றிக்கொண்டு நானே பஸ்ஸுக்குப் போய் விட்டுவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தால் மீன்காரி அதே இடத்தில் நிற்கிறாள்.

"அவன் பங்கு தீந்துச்சு. மாசா மாசம் எண்ண தடவுனவ நானு. என் பங்கு எங்க?"

நான் வாய் திறப்பதற்குள், குழந்தையை இடுப்பிலும் கூடையைத் தலையிலும் வைத்துக்கொண்டு மீன் விற்கப் போய்விட்டாள். மத்தியானம்தான் மகள் வீடு வந்து சேர்ந்தாள், குளிப்பாட்டியும் போகாத மீன் வாசனையோடு.