உதைக்கு அசையாத கதவு

எங்கள் குடியிருப்பில் போலீஸ் ஒரு கதவை உடைத்துவிட்டுப் போனால், ஜீப் தெருமுனை திரும்புவதற்குள் ஒருவர் படியேறி வருவார். தோளில் சாக்குப்பை, காதிடுக்கில் பென்சில், புருவத்தில் மரத்தூள். அவர்தான் கதவு மாமா. தச்சுவேலை செய்பவர். யாருக்கும் சொந்த மாமா இல்லை. அவருக்கும் அத்தைக்கும் பிள்ளை இல்லாததால், குடியிருப்புப் பிள்ளைகள் எல்லோரும் பங்கு போட்டுக்கொண்ட மாமா.

இவ்வளவு சீக்கிரம் எப்படி வருகிறார்? அதுதான் எல்லோருக்கும் உறுத்தல்.

"கூப்பிட்டா வர்றேன்" என்பார் மாமா.

"யாரு கூப்பிடுறா? வீட்டுக்காரரா, போலீஸா?" என்று மாடிப்படிக்கு அடியில் இஸ்திரி போடும் அண்ணன் கேட்பார். "மோப்ப நாயே மாமாவுக்கு அப்புறம்தான் வருது."

உண்மை சப்பென்று இருந்தது. வாடகை வாங்கும் வீட்டுக்காரர்கள் அவருக்குப் போன் செய்வார்கள், பட்டறையும் எதிர்ச்சந்தில்தான். ஆனால் சப்பென்ற உண்மையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் பேச முடியும்? அதனால் மாமாதான் போட்டுக் கொடுக்கிறார், உடைய வைத்து ஒட்ட வைக்கிறார் என்று முடிவாகிவிட்டது. அவர் தலையைக் கண்டால் மொட்டைமாடிக் கூட்டம் சிகரெட்டை அணைக்கும். நாங்கள் பட்டறை வாசலில் போய், "மாமா, அடுத்து எந்த வீடு?" என்று கேட்டுவிட்டு ஓடுவோம். அவர் மரச்சுருளை அள்ளி எறிவார். அதுவும் பஞ்சு மாதிரி வந்து விழும்.

போலீஸ் எங்கள் பக்கம் எட்டிப் பார்ப்பது கஞ்சாவுக்கு மட்டும்தான். பால் போடும் அம்மாவிடம் போனைப் பிடுங்கிக்கொண்டு கையையும் ஒடித்துவிட்டு ஒருவன் ஓடினான். "பார்க்கிறோம்" என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். மொட்டைமாடியில் லேசாக ஒரு வாசம் கிளம்பியதென்றால் போதும், வேன், நாய், போட்டோ எடுக்க ஓர் ஆள் என்று கல்யாணக் கூட்டம் வந்துவிடும்.

"கையை ஒடிச்சவன் ஒரு பொட்டலத்தையும் கீழ போட்டுட்டுப் போயிருக்கலாம்" என்றார் இஸ்திரி அண்ணன். "அன்னைக்கே ஆள் உள்ள போயிருப்பான்."

இரண்டாவது மாடி கடைசி வீட்டில் தையல் அக்கா தனியாக இருந்தாள். பேண்ட்டைக் குட்டையாக்குவது, கிழிந்த பைக்கு ஜிப் வைப்பது என்று வேலை. புருஷனை விட்டு வந்தவள். அவன் விடுவதாக இல்லை. ஒருமுறை அவளை முடியைப் பிடித்து நடைபாதை நீளத்துக்கும் இழுத்தான். ஆட்கள் வெளியே வந்ததும் ஓடிவிட்டான். அக்கா கழுத்தில் அவன் விரல்கள் கருநீலமாகப் பதிந்திருந்தன. அதோடு ஸ்டேஷனுக்குப் போனாள்.

"குடும்பச் சண்டையா? பேசித் தீர்த்துக்கோங்க. அதுவரைக்கும் கதவை நல்லா பூட்டிக்கிட்டு இரும்மா" என்று அனுப்பிவிட்டார்கள்.

அக்கா அதை நிஜமான யோசனையாகவே எடுத்துக்கொண்டாள். நேராகப் பட்டறைக்கு வந்தாள்.

"மாமா, உதைச்சாலும் அசையாத கதவு வேணும்."

"யாரு உதைக்கிறாங்கன்னு தெரிஞ்சா நல்லதும்மா."

"எம் புருஷன்."

மாமா அவள் கழுத்தைப் பார்த்தார். வேறு எதுவும் கேட்காமல் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பழைய கிடங்கு ஒன்றில் பிரித்த கனத்த பலகை கிடைத்தது. அதை இழைத்து, பின்பக்கம் இரும்புப் பட்டை அடித்தார். மேலே, நடுவே, கீழே என்று மூன்று தாழ்ப்பாள். எட்டிப் பார்க்க ஓர் ஓட்டை. மாட்டி முடித்ததும் எங்களை வரிசையாக நிற்கவைத்து, "உதைங்கடா" என்றார்.

உதைத்தோம்.

"சோத்தைத்தானே திங்கிறீங்க? இன்னும் பலமா!"

எங்களில் குண்டன் ஓடி வந்து உதைத்துவிட்டு, "ஐயோ அம்மா" என்று நொண்டிக்கொண்டே போனான். உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அக்கா சிரித்து நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தச் சத்தத்துக்காகவே இன்னும் கொஞ்ச நேரம் உதைத்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் கதவைப் பார்த்த எல்லோருக்கும் மூக்கு வியர்த்தது. "பேண்ட் வெட்டுறவளுக்கு எதுக்கு பேங்க் கதவு?" என்றார் இஸ்திரி அண்ணன். அத்தையின் சந்தேகம் வேறு ரகம். "நம்ம வீட்டுக் கதவு ஈரத்துல உப்பி, சாத்தவே மாட்டேங்குது. அவளுக்கு மட்டும் கோட்டைக் கதவா?"

"நம்மள யாரும் உதைக்க வரலையே" என்றார் மாமா.

"வாங்க, நான் உதைக்கிறேன்."

ஒரு மத்தியானம் அவன் வந்தான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. உதைத்தான், தோளால் இடித்தான், நாக்கூசுகிற வார்த்தைகளாகக் கொட்டினான். கதவு அசையவில்லை. உள்ளேயிருந்து அக்கா போலீசுக்குப் போன் செய்தாள். "ஆள் அனுப்புறோம்" என்றார்கள். அனுப்பவில்லை. கடைசியில் அவன் கால் நோவுடன் படியிறங்கினான்.

மறுநாள் காலை போலீஸ் வந்தது. வேன், நாய், கதவு இடிக்கும் இரும்பு உருளை, எல்லாமே வந்தது.

அக்கா ஓட்டை வழியாகப் பார்த்தாள். காக்கியைக் கண்டதும், நேற்றுக் கூப்பிட்டதற்கு இன்று வந்துவிட்டார்கள் என்று நம்பித் தாழ்ப்பாளை நீக்கத் தொடங்கினாள். மூன்றையும் நீக்க நேரமாகுமே. உள்ளே எதையோ ஒளிக்கிறாள் என்று அவர்கள் நினைத்தார்கள். அவள் கீழ்த் தாழ்ப்பாளுக்குக் குனிவதற்குள் உருளை மோதியது. அப்போதும் கதவு உடையவில்லை. நிலை பெயர்ந்து, சுவரின் காரையோடு முழுசாக உள்ளே சாய்ந்தது. அக்கா துள்ளி விலகியதால் பிழைத்தாள்.

துணி மூட்டைகளைக் கொட்டினார்கள். பொத்தான் டப்பாவைக் கவிழ்த்தார்கள். யாருடைய பேண்ட்டையோ நாய் முகர்ந்துவிட்டுத் தும்மியது. ஒன்றுமே இல்லை.

"மூணு தாழ்ப்பாள், இரும்புப் பட்டை, ஓட்டை வேற" என்றார் அதிகாரி. "உள்ள எதைம்மா இப்படிப் பூட்டி வச்சிருந்தே?"

"என்னைத்தான் சார்."

அந்த நேரம் பார்த்து மாமா சாக்குப்பையோடு வந்து நின்றார். நடைபாதையே அவர் பக்கம் திரும்பியது.

"நீங்களே மாட்டி, நீங்களே உடைக்க வச்சீங்களா? நல்ல தொழில் மாமா!" என்றார் இஸ்திரி அண்ணன். மாமா அக்காவைப் பார்த்தார். அவளும் அதே சந்தேகக் கண்ணோடுதான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு சார் தகவல் கொடுத்தது?" என்று கேட்டார் மாமா.

"அதெல்லாம் சொல்லக் கூடாது. போன் வந்துச்சு. கடைசி வீடு, பலமான கதவு, உள்ள மூட்டை மூட்டையா சரக்குன்னு. பலமான கதவுன்னா நாங்களும் சும்மா இருக்க முடியுமா?"

மாமா கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி கீழே பார்த்தார். எதிரே நிறுத்திய பைக்கில் ஹெல்மெட் போட்ட ஒருவன் ஒரு காலைத் தரையில் ஊன்றாமல் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு பை. நிமிர்ந்து, கதவில்லாத வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் காலால் முடியாததைப் போலீஸ் காலால் முடித்துக்கொண்டிருக்கிறான்.

"சார், அவன்தான்! இவங்க புருஷன். நேத்து உதைச்சுப் பார்த்து முடியாம, உங்களைக் கூப்பிட்டு உடைக்க வச்சிருக்கான். நீங்க போனதும் மேல வருவான்."

"அது ஸ்டேஷன்ல சொல்ல வேண்டியது. நாங்க போதைப் பொருள் பிரிவு" என்று சொல்லிவிட்டு அதிகாரி கையுறையைக் கழற்றினார். நாய் படியிறங்கத் தொடங்கியது.

மாமா அதிகாரியின் வழியில் போய் நின்றார்.

"சார்... அவன் பையில பொட்டலம் இருக்கு. நான் பார்த்தேன்."

இத்தனை காலம் போட்டுக் கொடுப்பவர் என்று பேர் வாங்கியவர், போட்டுக் கொடுத்தது இதுதான் முதல் தடவை. அதுவும் பச்சைப் பொய். காது இரண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தன. நல்லவேளை, போலீஸ் காதைப் பார்க்கவில்லை. திமுதிமுவென்று படிகளில் பாய்ந்தார்கள்.

அவன் பைக்கை உதைத்தான். நொந்த கால் ஒத்துழைக்கவில்லை. பையைப் பிடுங்கிக் கவிழ்த்தார்கள். துண்டில் சுற்றிய ஒரு கத்தி விழுந்தது. போலீஸ்காரர் அதை எடுத்து பைக் சீட்டின் மேல் ஓரமாக வைத்துவிட்டு, "பொட்டலம் எங்கடா?" என்று அவன் ஷூவைக் கழற்றினார். ஹெல்மெட்டைத் தட்டிப் பார்த்தார்கள். கத்தியை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்கா இறங்கி வந்தாள்.

"இது எங்க வீட்டுக் கத்தி சார். நான் விட்டுட்டு வந்த வீட்டுல இருந்தது. இன்னைக்கு இங்க எதுக்கு எடுத்துட்டு வந்தான்னு அவனைக் கேளுங்க."

"பொட்டலம் கிடக்கட்டும் சார், கத்தியைப் பாருங்க!" என்று கத்தியது யார் என்று பார்த்தால், இஸ்திரி அண்ணன். சொல்லிக்கொண்டே போனைத் தூக்கிப் படம் எடுத்தார். நாங்களும் தூக்கினோம். அதிகாரி போன்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகுதான் கத்தி அவர் கண்ணில் பட்டது.

அவனை வேனில் ஏற்றும்போது மாமாவிடம் கேட்டார்: "பொட்டலம்னு சொன்னியே?"

"தூரத்துல அப்படித் தெரிஞ்சுது சார். வயசாச்சுல்ல."

எத்தனை நாள் உள்ளே வைப்பார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பதிலைக் கேட்கப் பயம்.

மாமா நிலையை மறுபடி நிறுத்தி சிமெண்ட் பூசினார். அது இறுகும்வரை கதவை மாட்ட முடியாது. அதனால் வாசலிலேயே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அத்தை பாயும் தலையணையுமாக வந்து, "இந்த மனுஷன் உட்கார்ந்தபடியே குறட்டை விடுவார், நான் உள்ள இருக்கேன்" என்று அக்காவோடு தங்கினாள். "கீழ கரண்ட் சரியில்ல" என்று முனகிக்கொண்டே இஸ்திரி அண்ணன் மேசையை மேலே தூக்கி வந்தார். பார்சல் கொடுக்க வந்த பையனை ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி, முகத்தை நன்றாகப் பார்த்த பிறகே விட்டோம்.

சாயங்காலம் கீழே ஒரு பைக் நிற்கும் சத்தம் கேட்டது. இஸ்திரிப் பெட்டி நின்றது. உள்ளே தையல் மெஷினும் நின்றது. மாமா சிமெண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். இன்னும் ஈரம்தான். சுத்தியலைக் கையில் எடுத்துக்கொண்டு, கைப்பிடிச் சுவர் வழியாக மெல்லக் கீழே எட்டிப் பார்த்தார்.