லேம்ப் ரூமில் ஒரு லேப்டாப்

ஒயரைப் பிடுங்கினால் சித்தப்பாவின் லேப்டாப் எட்டு நிமிடத்தில் அணைந்துவிடும். எங்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நான்தான் கணக்கெடுத்தேன். எனக்கு அப்போது பத்து வயது. கோரமண்டலில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களான எங்கள் லைன் வீடுகளில் யாரும் அதுவரை லேப்டாப் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டு அத்தை ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, மூடியை ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போனாள். எங்களுக்கு எட்டு நிமிடமே அதிகம்.

சித்தப்பாவுக்குப் போதாது. பெங்களூரில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. கிடங்குகளில் சரக்கு இருப்பைக் காட்டும் புரோகிராமை, அந்தந்தக் கிடங்குக்கே போய் இயக்கிக் காட்டுவது அவர் வேலை. மூட்டைகளுக்கு நடுவே பிளக் ஏது? போன வாரம் பாதியிலேயே திரை கறுத்துவிட்டது. இன்னொரு முறை இப்படி ஆனால் வேலைக்கே வரவேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அந்த இன்னொரு முறை வெள்ளிக்கிழமை. சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்தது புதன் மாலை. புது பேட்டரி வரப் பதினைந்து நாள் ஆகுமாம்.

அப்பாவுக்குச் சுரங்கத்தின் லேம்ப் ரூமில் வேலை. கீழே இறங்குகிறவர்கள் ஹெல்மெட்டில் மாட்டும் விளக்கும் இடுப்பில் கட்டும் பேட்டரியும் அவர் பொறுப்பு. அவர் லேப்டாப்பின் திரையைப் பார்க்கவில்லை. கவிழ்த்து அடியில் கை வைத்தார்.

"ஏண்டா, இத எந்நேரமும் சொருகியே வெச்சிருக்கியா?"

"ஆமாண்ணா. நீதான சொல்லுவ, லேம்ப் மேல வந்தா ஒடனே சார்ஜ்ல போட்டுடணும்னு."

"வேலைக்குப் போய் வந்த லேம்புக்குச் சொன்னது அது. இது எங்கடா போச்சு? தின்னுட்டுத் தின்னுட்டுப் படுத்துகினு கீது."

அதாவது ஆறு மாதமாக இரவும் பகலும் அது கரண்டிலேயே இருந்திருக்கிறது. லேம்ப் ரூம்காரரின் தம்பியைத் தவிர வேறு யாரும் அந்தத் தவறை அவ்வளவு அக்கறையோடு செய்திருக்க முடியாது.

"கொஞ்சம் நடக்க விடணும்," என்றார் அப்பா.

மறுநாள் காலை ஷிஃப்ட்டுக்கு அவர் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். எனக்குப் பரீட்சை லீவு. நேரம் எழுத என்னையும் அழைத்துப் போனார். லேம்ப் ரூம் வாசலில் பெஞ்சுகளில் பத்திருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். சட்டைகள் சுத்தமாக இருந்தன. ஒருவர் அப்பாவின் கையிலிருந்ததைப் பார்த்து, "இன்னா சார், டிவிய கேஜ்ல ஏத்திச் சுரங்கத்துல எறக்கப் போறீங்களா?" என்றார். எல்லோரும் தேவைக்கு மேல் சிரித்தார்கள்.

அப்பா கதவைத் திறந்தார்.

ஜன்னல்கள் சாத்தியிருந்தன. தரையிலிருந்து கூரைவரை இரும்பு ரேக்குகள். ஒவ்வொரு தட்டிலும் வரிசையாக விளக்குகள், ஒன்று விடாமல் எரிந்துகொண்டிருந்தன. நூறு வரை எண்ணி விட்டுவிட்டேன். எதிரெதிர் ரேக்குகளின் வெளிச்சம் நடுவில் வந்து மோத, அதில் தூசி மெதுவாக ஏறி இறங்கியது. என் நிழலைத் தேடினேன். எந்தப் பக்கமும் இல்லை. மூச்சைச் சத்தமாக விட்டால் எல்லாம் அணைந்துவிடுமோ என்று பயந்தேன்.

"ஏம்பா எல்லாம் எரியுது?"

"நடக்க விட்டிருக்கேன்."

கல்மேடையில் லேப்டாப்பை வைத்து ஒயர் இல்லாமல் ஓட விட்டார். அணைந்தது. மறுபடி போட்டார், அணைந்தது. இனி எழவே எழாது என்றானபிறகுதான் சார்ஜில் போட்டார். நிறைந்ததும் உடனே பிடுங்கி, ஆறவைத்து, திரும்பவும் வற்றவிட்டார். அந்தக் காலத்து நிக்கல் பேட்டரிக்கு அது சரியான வைத்தியம். இன்றைய பேட்டரியை அப்படி வற்றவிட்டால் கெட்டுப்போகும். நான் ஒவ்வொரு முறையும் சிலேட்டில் நேரம் எழுதினேன். எட்டு. பத்தொன்பது. சாயங்காலம் முப்பத்தெட்டு.

சித்தப்பா வந்து சிலேட்டைப் பார்த்தார். எண்களை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். கடைசி முறையாக நிறைத்து வைத்திருந்த லேப்டாப்பை எடுக்கப்போனவரை அப்பா தடுத்தார்.

"டோக்கன்?"

"நான் இன்னா அண்டர்கிரவுண்டுக்காண்ணா போறேன்?"

"டோக்கன் இல்லாம இங்கேருந்து எதுவும் வெளிய போவாது."

அது அந்த அறையின் சட்டம். பித்தளை டோக்கனைக் கொடுத்து விளக்கை வாங்க வேண்டும்; விளக்கைத் திருப்பித் தந்தால் டோக்கன் திரும்பும். அதுவரை அது சுவர்ப் பலகையின் ஆணியில் தொங்கும். ஆணியில் டோக்கன் இருந்தால் அந்த ஆள் கீழே இருக்கிறார் என்று பொருள். சித்தப்பா சட்டைப்பையைத் துழாவி, முந்தின நாள் வந்த ரயில் டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். அப்பா சிரிக்காமல் அதை ஆணியில் குத்தி மாட்டினார். பலகையில் வேறெதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை லேப்டாப் அரைமணி நேரம் தாங்கியது. சித்தப்பாவின் வேலை தப்பியது. சில மாதங்களில் சுரங்கத்தை மூடினார்கள்.

அந்த வியாழக்கிழமை வீட்டுக்கு வந்ததும் நான் அம்மாவிடம் ஓடினேன். அப்பாவின் அறையில் ஒரு விளக்குகூடக் குறையவில்லை, எல்லாம் முழுசாக அங்கேயே இருக்கின்றன என்று பெருமையாகச் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. "எல்லாமா?" என்றாள். எல்லாம்தான் என்றேன், கையை அகல விரித்து. அன்று அந்த அறையிலிருந்து வேலைக்குக் கிளம்பியது சித்தப்பாவின் லேப்டாப் ஒன்றுதான் என்பது எனக்கு உறைக்கவில்லை.