பெஞ்சில் முதலில் வந்தவர்

நாத்தனார் என்றால் அண்ணியைக் கரித்துக் கொட்ட வேண்டும் என்று உலகம் எதிர்பார்க்கிறது. எனக்கும் ஆசைதான். ஆனால் என் அண்ணியிடம் ஒரே ஒரு குறைதான் சிக்கியது: யாராக இருந்தாலும் வரிசையில் நிறுத்திவிடுவாள். நகராட்சி அலுவலகத்தில் பிறப்பு, இறப்புச் சான்றிதழ் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே அவளுக்குத் தலை நரைத்துவிட்டது. வீட்டில் குளியலறைக்குக்கூட முதலில் துண்டு போட்டவருக்கே உரிமை. தூக்கத்தில் "அடுத்தவங்க வாங்க!" என்று சத்தம் போடுவாள். அண்ணன் அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்து உட்காருவான்.

அப்படிப்பட்டவள் திடீரென்று பல்கலைக்கழகத்தில் மாலை வகுப்பில் சேர்ந்தாள். பொது நிர்வாகமும் சமூகப் பணியும் சேர்ந்த படிப்பு.

"இந்த வயசுல எதுக்கு அண்ணி?" என்றேன்.

"ஜன்னலுக்கு வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு என்ன கேக்கணும்னே தெரியல. நான் 'அது இங்க இல்ல, அந்த ஜன்னல்'னு அனுப்பிடறேன். அலுத்துப்போச்சுடி. பட்டம் வாங்கினா மக்கள் நலப் பிரிவுக்கு மாத்தறோம்னு ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க."

அதிகாரப் பகிர்வு என்று ஒரு பாடம் வந்தது. படித்த அன்றே பாத்திரம் கழுவும் அதிகாரத்தை அண்ணனுக்குப் பகிர்ந்தாள். எழுத்துத் தேர்வெல்லாம் ஊதித் தள்ளிவிட்டாள். இடறி விழுந்தது நேர்காணல் தேர்வில்தான். நாடகத் துறை மாணவி ஒருத்தி கஷ்டப்பட்டவளாக நடிப்பாள். அண்ணி அவளிடம் பேசி விஷயத்தை வாங்கி வழி சொல்ல வேண்டும். தேர்வாளர்கள் நடுவில் வாயைத் திறக்கவே கூடாது. நடித்தவள் அழுதுகொண்டே பேச்சை நிறுத்தினாள். அமைதி. அண்ணியால் தாங்க முடியவில்லை. "அடுத்தவங்க வாங்க!" என்று சொல்லிவிட்டாள். பழக்க தோஷம், என்ன செய்ய? ஃபெயில்.

இன்னும் ஒரு வாய்ப்புதான். அதிலும் தோற்றால் படிப்பும் போச்சு, மாறுதலும் போச்சு, ஓய்வு பெறும்வரை அதே ஜன்னல்தான். அண்ணன் பயத்தில் வர மறுத்துவிட்டான். என் பியூட்டி பார்லரைப் பூட்டிவிட்டு நான் துணைக்குப் போனேன். நாளெல்லாம் முடி வெட்டிக்கொண்டே வாயடிக்கிறவள் நான், அன்றைக்கு வழியெல்லாம் சாமி பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு வந்தேன்.

தேர்வு அறையில் ஃபேன் ஓடவில்லை. ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். அதனால் வராந்தா பெஞ்சிலிருந்தே உள்ளே பேசுவது எல்லாம் கேட்டது. பெஞ்சில் எனக்கு முன்பே ஒருவர் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஃபேன் மெக்கானிக்காம். தேர்வு முடியும்வரை காத்திருக்கச் சொல்லியிருந்தார்களாம். நடிக்க வேண்டிய பெண் எனக்கும் பிறகுதான் வந்தாள், வந்தவள் கண் மை சரியில்லை என்று முகம் கழுவப் போய்விட்டாள்.

இந்த முறை நடிக்கப் போவது யார் என்று அண்ணிக்குச் சொல்லியிருக்கவில்லை. அவள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "முதல்ல வந்தது யாருங்க?"

"நான்தாம்மா" என்று மெக்கானிக் எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஐயையோ! நான் ஓடுவதற்குள் கதவு சாத்தியாகிவிட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். ஜன்னலருகே போய்க் கையைக் காலை ஆட்டினேன். அண்ணியின் முதுகுதான் தெரிந்தது. "பரீட்சை நடக்குது, உட்காருங்கம்மா" என்று ஒரு ஊழியர் என்னை அதட்டினார். அவர் நகர்ந்ததும் மறுபடி ஜன்னலோரம் வந்து நின்றேன்.

"உட்காருங்க. என்ன விஷயமா வந்தீங்க?" என்று உள்ளே அண்ணி மெக்கானிக்கிடம் கேட்டாள்.

"ஃபேன் ஓடலையாம். பார்க்க வந்தேன்."

யாரும் எடுத்த எடுப்பில் மனதைத் திறக்க மாட்டார்கள், வேறு எதையாவதுதான் சொல்வார்கள் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதை வீடே அதிர மனப்பாடம் செய்தவளாயிற்றே!

"ஃபேனை அப்புறம் பார்த்துக்கலாம். நீங்க எப்படி இருக்கீங்க?"

பேராசிரியையும் வெளியிலிருந்து வந்த தேர்வாளரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விதி அவர்கள் வாயைக் கட்டியிருந்தது. மெக்கானிக் பதில் சொல்லவில்லை. அமைதி நீண்டுகொண்டே போனது. இதோ சொல்லப் போகிறாள், சொல்லிவிடப் போகிறாள் என்று நான் நகத்தைக் கடித்தேன். அண்ணி மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சொல்லவில்லை.

"அப்பாவை வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டு வந்திருக்கேன்மா" என்றார் அவர் மெதுவாக. "வெளியில போனா வழி மறந்துடறார். போன வாரம் பாலத்துமேல நின்னுட்டிருந்தார். நான் வேலைக்குப் போகாம முடியுமா? பூட்டும்போது உள்ளேருந்து கேக்கறார், 'நான் என்னடா தப்பு செஞ்சேன்?'னு."

 அண்ணி திட்டவில்லை, உபதேசமும் செய்யவில்லை. அப்பா சாப்பிட்டாரா, பக்கத்து வீட்டில் யாராவது உண்டா, இவர் தூங்கி எத்தனை நாளாச்சு என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிறகு, "பெரியவங்களைப் பகல்ல பார்த்துக்கற நகராட்சி இல்லம் ஒண்ணு இருக்கு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி. பல பேருக்குத் தெரியாது" என்றாள்.

"நெஜமாவாம்மா? நாளைக்கே கூட்டிட்டு வரலாமா?"

அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு கண்ணில் மையுடன் அந்தப் பெண் வந்து நின்றாள். "ஸாரி மேடம், நான் எப்ப அழணும்?"

அண்ணி அவளைப் பார்த்தாள், மெக்கானிக்கைப் பார்த்தாள், பையில் நீட்டிக்கொண்டிருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. ஆனால் முதலில் கேட்டது தேர்வைப் பற்றி அல்ல.

"அப்போ உங்க அப்பா இப்ப நெஜமாவே உள்ள இருக்காரா?"

"ஆமாம்மா."

"முதல்ல போய்க் கதவைத் திறங்க!"

அவர் ஓடினார். அண்ணி தேர்வாளர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே இல்லத்துக்கு போன் போட்டு மறுநாளுக்கு இடம் சொல்லிவைத்தாள். அப்புறம்தான் திரும்பி, ஆடு திருடியவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"நாங்க ஒதுக்கின ஆள் இவர் இல்லம்மா" என்றார் வெளித் தேர்வாளர். என் உயிர் பாதி போனது. அவர் கைக்குட்டையால் விசிறிக்கொண்டார். "ஆனா அந்த மனுஷன் பேசாம இருந்தாரே, அப்ப நானா இருந்தா 'அடுத்தவங்க'ன்னு சொல்லியிருப்பேன். என்ன சொல்றீங்க மேடம்?"

"இதுக்குமேல என்ன சார் பார்க்கணும்? பாஸ்" என்றார் பேராசிரியை.

"என் வயித்துல பால வார்த்தீங்க!" என்று நான் ஜன்னலுக்கு வெளியிலிருந்து கத்தினேன். அண்ணி வெளியே வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள், நடுவில் சிரித்தாள், மறுபடி அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை. நடிக்க வந்த பெண் மட்டும் அழாமல் நின்றாள் பாவம்.

மறுநாள் காலை அண்ணி விடுப்பு போட்டுவிட்டு இல்லத்துக்குப் போனாள். நானும் போனேன். மெக்கானிக் அப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். பெரியவர் வாசலில் நின்று கதவை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே வரவில்லை.

"பூட்டிடுவீங்களா?"

"இங்க பூட்டு இல்லைங்கய்யா, ஆள் இருக்கோம்" என்றாள் அண்ணி. "வாங்க, இன்னைக்கு நீங்கதான் முதல்ல."

பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். மெக்கானிக் அங்கிருந்து நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போய் அந்த ஃபேனைச் சரிசெய்தாராம்.