கம்பளி திருடியவர் வீட்டுச் சம்பந்தம்

யாழ்ப்பாணத்திலிருந்து புலம்பெயர்ந்த ஏர்னஸ்ட், மவுண்ட் வெல்லிங்டனில் லொறி திருத்தும் கராஜ் ஒன்றில் வேலை செய்தார். தங்கமான மனிதர். ஒரேயொரு குணம்தான்: யாரைக் கண்டாலும் ஊர், பேர், பரம்பரை துருவாமல் விடமாட்டார். மாதா கோயில் வாசலில் புது முகம் ஒன்று தெரிந்தால், பூசை தொடங்குவதற்குள் அந்த ஆளின் பாட்டன் பூட்டன்வரை போய்விடுவார். இளவாலையில் பிறந்தவர்களுக்கு இது வியாதியில்லை, பழக்கம்.

அப்படிப்பட்டவரின் மகள் ரேச்சல், தொண்ணூற்றாறின் கடைசியில், ஒரு வெள்ளைக்காரப் பையனைக் கட்டப்போவதாகச் சொன்னாள். பெயர் கிறேக். புக்கெகோஹியில் வெங்காயத் தோட்டம். செய்தி கேட்டதும் ரொறன்ரோவிலிருந்து அக்கா றீற்றாவின் டெலிபோன்.

“பெடியன் ஆர்? எங்கட ஆக்களோ?”

வெள்ளைக்காரனுக்குள் எங்கட ஆக்களை எங்கே போய்த் தேடுவது! ஆனாலும், “விசாரிச்சுச் சொல்லுறன் அக்கா” என்றார் ஏர்னஸ்ட்.

விசாரிக்கத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி பேர்ணடெட்டோடும் ரேச்சலோடும் புக்கெகோஹிக்குப் போனார். கிறேக்கின் தாய் மார்கரெட் தேநீர் ஊற்றினாள். பேர்ணடெட் பொரித்துக் கொண்டுபோன ரோல்ஸ் தட்டில் இருந்தது. ஏர்னஸ்ட் தமக்குத் தெரிந்த இங்கிலீஷில், உங்கள் பரம்பரை எது என்று மெல்லத் தொடங்கினார்.

“நாங்கள் கள்ளன் பரம்பரை!” என்று மார்கரெட் சிரித்தாள். “என் பூட்டனின் அப்பா தோமஸ், இங்கிலாந்தில் ஒரு கம்பளிப் போர்வையைத் திருடினார். ஏழு வருடத் தண்டனை. கப்பலில் ஏற்றி தாஸ்மேனியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருடைய பேரன்தான் இங்கே வந்து வெங்காயம் போட்டது.”

பெருமையாக வேறு சொல்கிறாளே! ஏர்னஸ்ட் பாதி தின்ற ரோல்ஸை அப்படியே வைத்தார். தோட்டம் பார்க்கப் போவதாகச் சொல்லி எழுந்து வெளியே வந்துவிட்டார். மனைவியும் மகளும் பின்னால் வந்தார்கள்.

“கள்ளன்ர வீட்டிலயோ பிள்ளையைக் குடுக்கிறது? அக்காவுக்கு என்னத்தைச் சொல்லுவன்?”

“ஒரு கம்பளிக்கு இவ்வளவோ!” என்றாள் பேர்ணடெட். “பாவம், குளிருக்கு எடுத்திருப்பார். உங்களுக்கென்ன, அந்தாளோட கோட்டில வழக்கோ?”

ரேச்சல் இங்கிலீஷில்தான் சொன்னாள். நீங்கள் வேண்டாமென்றாலும் கட்டத்தான் போகிறேன் டாடி, ஆனால் கோயிலுக்குள் உங்கள் கையைப் பிடிக்காமல் எப்படி நடந்து வருவேன் என்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது. ஏர்னஸ்ட் வெங்காயப் பாத்திகளை ஒருதரம் சுற்றி நடந்துவிட்டு வந்தார்.

உள்ளே திரும்பியும் மனம் ஆறவில்லை. கொஞ்சம் குத்தலாகவே கேட்டார்: “ஏழு வருடம் முடிந்ததும் அவர் ஊருக்குத் திரும்பவில்லையோ?”

மார்கரெட்டின் சிரிப்பு நின்றது. “போகலாம் என்று விட்டுவிட்டார்கள். கப்பலுக்குக் காசு யார் கொடுப்பது? அங்கே அவருடைய அம்மா இருந்தா. அவ செத்த செய்தியே அடுத்த வருடம்தான் வந்ததாம். கடைசிவரை அதையே சொல்லி அழுவாராம்.”

ஏர்னஸ்ட் கோப்பையைக் கீழே வைத்தார். அவருடைய அம்மா அந்த வருடம் தை மாதம்தான் செத்துப்போனா. யுத்தத்தில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த நேரம், சாவகச்சேரிப் பள்ளிக்கூடம் ஒன்றில். அவரிடம் பாஸ்போர்ட் இருந்தது, லீவு இருந்தது. கொழும்புவரை போகலாம், அதற்கு அங்காலே பாதை இல்லை. அடக்கம் முடிந்த பிறகுதான் செய்தியே வந்தது. கராஜில் ஒருவருக்கும் சொல்லாமல் மறுநாளும் வேலைக்குப் போன மனிதர், இப்போது அந்நியர் வீட்டு மேசையில் விம்மி விம்மி அழுதார். மார்கரெட் என்ன ஏதென்று கேட்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தை மாதம் அம்மாவின் ஆண்டுப் பூசை. ஏர்னஸ்ட் இரண்டு பெயர் கொடுத்தார். பாதிரியார் அம்மாவின் பெயரை வாசித்து, அடுத்ததாகத் தோமஸ் என்றும் வாசித்தார். யார் அந்தத் தோமஸ் என்று சனம் ஒன்றையொன்று பார்த்தது. முன்வரிசையில் மார்கரெட் மூக்கைச் சிந்தினாள்.

அன்றிரவு அக்கா டெலிபோன் எடுத்தா. “விசாரிச்சனியோ? ஆர் ஆக்கள்?”

“விசாரிச்சனான் அக்கா. கள்ளன் பரம்பரை.”

“ஐயோ மாதாவே!”

“தாய் செத்ததுக்குப் போகேலாமல் நிண்ட மனுசன்ர பிள்ளையள், அக்கா” என்றார் ஏர்னஸ்ட். “எங்கட ஆக்கள்தான்.”