தகப்பன் பெயர் முதலில்

நாலு கட்டம் போட்ட ஒரு நோட்டுத் தாள் என் கண்ணிலேயே நிற்கிறது. மேலே படகு நம்பர், ஆள் பெயர், தகப்பன் பெயர், ஊர் என்று எழுதி, கீழே பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள். ஜெகதாப்பட்டினத்தில் எங்கள் டோக்கன் அறை ஜன்னலுக்குப் பக்கத்தில் அதை ஒட்டியவர் டோக்கன் அக்கா. பிள்ளைகளே, அவரைப் பற்றி உங்களுக்குச் சொல்லப் பலமுறை வாய் எடுத்திருக்கிறேன். பொழுது சாய்ந்த நேரத்தில் சொன்னால் பயந்துவிடுவீர்கள் என்று விட்டுவிட்டேன். எழுதி வைத்தால் பகலில் படிப்பீர்கள் அல்லவா?

விசைப்படகு கடலுக்குப் போகும் நாளில் அதன் டிரைவர் எங்கள் ஜன்னலுக்கு வந்து டோக்கன் வாங்க வேண்டும். எந்தப் படகு, எந்த நாள், யார் யார் போகிறார்கள் என்று கம்ப்யூட்டரில் ஏறும். நான் பத்தாவதோடு நின்றவன். தமிழில் டைப் அடிப்பேன், அவ்வளவுதான். அக்கா கறம்பக்குடியிலிருந்து பஸ்ஸில் வருவார், கம்ப்யூட்டர் படித்தவர். என்னைவிட இரண்டு வயது இளையவர் என்றாலும் துறைமுகம் முழுவதற்கும் அவர் அக்காதான்.

எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு கோளாறு இருந்தது. படகு நம்பரும் நாளும் சொன்னால் நொடியில் ஆட்களைக் காட்டிவிடும். ஆள் பெயரை மட்டும் கொடுத்தால் திரை வெறுமையாக நின்றுகொண்டே இருக்கும். டீக்கடைக்குப் போய்த் திரும்பினாலும் நின்றுகொண்டிருக்கும். எதனால் என்று அக்கா எனக்கு விளக்கியதை உங்கள் பள்ளிக்கூடத்தை வைத்தே சொல்கிறேன். வருகைப் பதிவேடுகளை வகுப்புவாரியாக, அதற்குள் பிரிவுவாரியாக, அதற்குள் பெயர்வாரியாக அடுக்கியிருக்கிறார்கள். ஆறாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு என்று தெரிந்தால் ஒரே பதிவேட்டைப் புரட்டினால் போதும். பெயர் மட்டும் தெரிந்தால்? ஒன்றாம் வகுப்பிலிருந்து எல்லாவற்றையும் புரட்ட வேண்டும். முதலில் எதை வைத்து அடுக்கினோமோ, அது தெரியாதவனுக்கு அந்த அடுக்கால் பயனே இல்லை. இப்படி அடுக்கி வைப்பதற்குத்தான் இண்டெக்ஸ் என்று பெயர்.

அப்படியானால் எல்லா விதத்திலும் அடுக்கி வைத்துவிடலாமே என்று கேட்டேன். புது ஆள் ஒருவரை எழுதும்போது ஒவ்வொரு அடுக்கிலும் போய் எழுத வேண்டும், காலைக் கூட்டத்தில் டோக்கன் நகராது என்றார். இன்னும் ஒன்றே ஒன்றுதான் போடலாம். அது எது என்று ஜன்னலுக்கு வருகிறவர்கள்தான் சொல்ல வேண்டும் என்று அந்தத் தாளை ஒட்டினார். ஒரு வாரம், வந்தவர்கள் வாயில் முதலில் எது வருகிறது என்று கோடு போட்டார். விசாரிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். படகு நம்பர் அவர்களுக்குத் தெரியாது. கணவன் பெயரை அவர்கள் சொல்வதில்லை. மாமனார் பெயரைச் சொல்லி ‘அவுக மகன்’ என்பார்கள், பிறகு ஊர். நாளோ, நேற்றோ முந்தாநாளோ என்று தொளதொளவென்று வரும். அப்படி நிச்சயமில்லாததை முன்னால் வைத்தால் பின்னால் இருப்பதற்குப் பயன் போய்விடும் என்று அதைக் கடைசியில் வைத்தார். தகப்பன் பெயர், ஊர், நாள். இதுதான் அவருடைய வரிசை. டோக்கன் கொடுக்கத் தேவைப்பட்ட பழைய இண்டெக்ஸை அவர் தொடவில்லை.

அதைப் போட்டு நாலு நாள்கூட ஆகவில்லை. எங்கள் படகு ஒன்றைக் கடல் எல்லையில் இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டதாகச் செய்தி வந்தது. மூன்று மணிக்குள் அதில் போனவர்கள் பட்டியலை மேலே அனுப்ப வேண்டும். பட்டியலில் இல்லாத ஆளுக்காக இங்கிருந்து யாரும் பேச மாட்டார்கள். நல்ல உச்சி வெயில். ஐஸ் உடைக்கும் மிஷின் நின்றுபோய் துறைமுகமே சத்தமில்லாமல் கிடந்தது. அப்போதுதான் அந்தப் பெண் ஜன்னலுக்கு வந்தார். அவர் வீட்டிலிருந்து காலையில் போனில் கேட்டபோது, பிடிபட்ட படகில் அவர் கணவர் பெயர் இல்லை என்று சொன்னவன் நான்தான்.

“அப்ப வேற போட்டுல மாறிப் போயிருக்கணும்ங்க. எதுலன்னு பாத்துச் சொல்லுங்க” என்றார். அவர் முகத்தில் பாதிச் சிரிப்பு இருந்தது.

மாமனார் பெயரும் ஊரும் சொன்னார். அக்கா தட்டினார். கண்ணை மூடித் திறப்பதற்குள் திரை நிரம்பிவிட்டது. மேலிருந்து கீழ்வரை ஒரே ஒரு மகனின் பெயர். அக்கா திரையை அந்தப் பெண் பக்கம் திருப்பினார். அவர் ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“இது எங்க மூத்த கொழுந்தனாருங்க. போன ஐப்பசியில கடல்ல விழுந்தவரு. ஒடம்புகூடக் கெடைக்கல.”

அக்கா விரலை வைத்து வரி வரியாக இறங்கினார். ஐப்பசிக்குப் பிறகு அந்த மனிதர் ஒரு கடல் நாளைக்கூடத் தவறவிடவில்லை. கார்த்திகையில் போயிருக்கிறார், தையில் போயிருக்கிறார். கடைசி வரி பிடிபட்ட படகு. அந்த வெயிலிலும் எனக்கு முதுகு சில்லிட்டது. படகுவாரியாகப் பார்த்த வரையில் அவர் ஏழெட்டுப் பேரில் ஒருவர். யார் கண்ணிலும் படவில்லை. தகப்பன் பெயரால் கூப்பிட்டதும் வந்து நின்றுவிட்டார்.

அவரை அத்தனை தடவை கடலுக்கு அனுப்பிய கை என்னுடையதுதான், பிள்ளைகளே. டிரைவர்கள் ஜன்னலில் குனிந்து, “பழசே போடுங்க” என்பார்கள். கீபோர்டில் ஒரு கட்டையைத் தட்டினால் போன தடவை ஆட்கள் அப்படியே இந்தத் தடவைக்கும் வந்துவிடுவார்கள். அண்ணன் போன பிறகு தம்பி, அதாவது அந்தப் பெண்ணின் கணவர், திருப்பூர் வேலையை விட்டுவிட்டு வந்து அதே படகில் அதே இடத்துக்கு ஏறியிருக்கிறார். நான் பழசே போட்டிருக்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வேறு படகு என்று ஒன்று இல்லை. திருத்துவதானால் வீட்டார் வாயால் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும்.

“நீங்களே சொல்லணும்மா. இல்லைன்னா அங்கிட்டு யாரும் அவரைத் தேட மாட்டாங்க” என்றார் அக்கா.

அவர் முந்தானையை வாயில் அழுத்தினார். பிறகு எடுத்துவிட்டு, கணவர் பெயரைத் தெளிவாகச் சொன்னார். நான் இரண்டு தடவை அழித்து அடித்தேன். மூன்று மணிக்கு முன்பே பட்டியல் போய்விட்டது.

சில வாரங்களில் மற்றவர்களோடு அந்தத் தம்பியும் விடுதலையாகித் திரும்பி வந்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்று நான் எழுந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே, “நாந்தாங்க டிரைவர்ட்ட மாத்த வேணாம்னு சொன்னேன். அண்ணன் பேரு இருந்தா எனக்குத் தொணைக்கு வரும்னு” என்றார். அக்கா அன்றைக்கே பழசே போடும் அந்தக் கட்டையை வேலை செய்யாமல் ஆக்கிவிட்டார். பழைய வரிகளை அழிக்காமல், பக்கத்தில் திருத்தம் என்று மட்டும் எழுதினார்.

இப்போது அக்கா வேறு ஊரில் இருக்கிறார். ஜன்னலில் நான்தான். ஒவ்வொருவரும் தானே வந்து தன் பெயரைச் சொன்னால்தான் டோக்கன். அந்தத் தம்பியும் வந்து சொல்வார். சொல்லிவிட்டு உடனே போகமாட்டார்; ஜன்னலில் இன்னும் ஒரு ஆள் நிற்க இடம் விட்டு, ஓரமாக ஒதுங்கிக் கொஞ்ச நேரம் நிற்பார். அந்த நேரம் முடிகிறவரை வரிசையில் பின்னால் இருப்பவரை நான் கூப்பிடுவதில்லை.